உப்பளத்துக்குக் கொடுத்த சிவப்பு

மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உப்பள வரப்பில் நடக்கிறேன். வெயிலில் உப்பு கண்ணைக் கூசவைக்கிறது. உப்பு வாரும் பெண்களின் தலைக்கட்டுகளில் ஒரு சிவப்பைத் தேடுகிறேன்.

போன கோடையில், இங்கே உப்பு வாரும் அஞ்சலையிடம் தலையில் கட்டிக்கொள்ள நான் அச்சிட்ட துண்டு ஒன்றைக் கொடுத்திருந்தேன். பழைய முறை அது. மர அச்சில் படிகாரக் கரைசலைத் தொட்டுப் பூப்பதித்து, இந்தக் கரையோர மணலில் முளைக்கும் சாயவேரோடு கொதிக்கவிட்டால் பூ மட்டும் சிவக்கும். வெயிலையும் உப்பையும் அந்தச் சிவப்பு தாங்கிவிட்டால், என் புது டிசைன்களை எல்லாம் தைரியமாக அதில் அச்சிடலாம்.

அஞ்சலையின் தலையில் பழைய நைலக்ஸ் புடவைக் கிழிசல்தான் இருக்கிறது.

"துண்டு எங்கம்மா? சாயம் போயிடுச்சா?"

"ஐயய்யோ, அதப் போயி உப்புல கட்டுவாங்களா? பீரோவுல வச்சிருக்கேங்க. மடிப்புகூட கலையல."

எனக்கு எரிச்சலாக வருகிறது. "கட்டிப் பாக்கத்தானே குடுத்தேன்!"

"எவ்ளோ அழகா இருக்குது. மனசு வரலங்க."

அம்மாவும் இப்படித்தான் சொல்வாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்துருண்டை வாசனையோடு இதே சாயவேர்ச் சிவப்பில் அச்சிட்ட தன் புடவையை எடுத்து, தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவாள். இன்று என் சிவப்புக்கு அதுதான் மாதிரி. எத்தனை வருஷமானாலும் மங்காத சாயம் என்று போகுமிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமையடிக்கிறேன்.

வரப்பில் நிற்கும்போதுதான் உறைக்கிறது. அம்மா அதைக் கட்டி நான் ஒருநாளும் பார்த்ததில்லை.