மூன்று மில்லிமீட்டர்

நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். நான் பௌதிகம் படித்தவள், சாய்ந்தமருதில் எங்கள் வீட்டில் யாராவது ஜின், பேய்க் கதை தொடங்கினாலே தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் எழும்பிப் போய்விடுவேன். ஆனால் இது எனக்கே நடந்தது, அதுவும் பட்டப்பகல் பதினொரு மணிக்கு.

கதிர் சிகிச்சைப் பிரிவில், கதிர் உடம்பில் எங்கே, எவ்வளவு விழவேண்டும் என்று கணக்கிடுவது என் வேலை. அதற்கு முதலில் ஒரு சி.ரி. ஸ்கேன் எடுப்போம். தண்ணீருக்குப் பூச்சியம், காற்றுக்கு மைனஸ் ஆயிரம் என்று உடம்பின் ஒவ்வொரு இடத்துக்கும் அது ஓர் இலக்கம் தரும், அதை வைத்துத்தான் கணக்கு. ஸ்கேனுக்குச் சற்று முன், சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகள் சந்திக்கும் இடத்தில் தோலில் சின்னப் புள்ளி குத்துவோம். பிறகு தினமும் அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் ஆளைப் படுக்கவைப்பது. கோடு பிழைத்தால் எல்லாமே பிழை.

அன்று வந்தவர் மருதமுனை சுஹறா ராத்தா; அக்காவை எங்கள் பக்கம் ராத்தா என்போம். இடது மார்பில் புற்றுநோய், சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. அதற்கு அடியிலேயே இதயம் என்பதால் எனக்குப் பதற்றம், அவருக்கோ பகிடி. கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னதும், "என்ன புள்ள, பொலிசுல பிடிபட்ட மாதிரி" என்று சிரித்தார். பிறகு முகத்தை வலப்பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஊசியை எடுத்தேன்.

"பொறுங்க புள்ள. இடப்பக்கக் கோடு மூணு மில்லிமீட்டர் இறங்கிக் கிடக்காம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. காலையில் நானே சரிபார்த்த கோடு, ஒளிக்குப் பாரமும் இல்லை, கண் மூடியவருக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் மனம் கேட்கவில்லை. அவரை இறக்கி இருத்திவிட்டு, சோதனைக் கட்டையை வைத்து அளந்தேன். சரியாக மூன்று மில்லிமீட்டர். பக்கத்து அறையில் சுவர் துளைத்துக்கொண்டிருந்தார்கள், அந்த அதிர்வில் லேசர் அசைந்திருக்கவேண்டும். அப்படியே புள்ளி குத்தியிருந்தால் ஒவ்வொரு நாளும் கதிர் இடம் மாறி விழுந்திருக்கும். சரிசெய்து, புள்ளி குத்திவிட்டுத்தான் ஸ்கேன் எடுத்தோம்.

சிகிச்சையின் கடைசி நாள் ராத்தா தேங்காய்ப்பாலில் அவித்த வட்டிலப்பத்தோடு வந்தார்.

"ராத்தா, அண்டைக்குக் கோடு பிழையெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கெங்க புள்ள தெரியும்? உங்கட மத்த மிஸ்தானே காதுக்குள்ள சொன்னா. நீங்க கதவப் பூட்டிட்டுப் போன பொறகும் அவ போகல்ல, எண்ட காலப் புடிச்சிக்கிட்டு நிண்டா. எனக்குப் பயமே வரல்ல."

அன்று வேலையில் இருந்தது நானும் ஸ்கேனை இயக்கும் ஜெகனும் மட்டும்தான். ஜெகன் வெளியே கணினியில். ஸ்கேன் ஓடும்போது நோயாளியைத் தவிர வேறு யாரும் உள்ளே நிற்பதில்லை, நாங்கள் இருவரும் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

ராத்தா இப்போது நல்ல சுகம், அல்ஹம்துலில்லாஹ். மகளின் கல்யாணத்தில் எனக்கு இரண்டு தரம் புரியாணி போட்டுவிட்டார். நானும் இதை ஒரு பகிடியாக எடுத்து மறந்திருப்பேன். ஆனால் போன மாதம் தம்பிலுவில்லிலிருந்து வந்த மீனவர் ஒருவர், ஸ்கேன் முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"என்ர காலப் பிடிச்சிட்டு நிண்ட அம்மா எங்க போயிட்டா? கைதான் ஐஸ் மாதிரி, ஆனா நல்ல மனுசி."