ஆறிப்போன சூப்

எங்கள் வீட்டில் இத்தாலி பாஷைக்கு நான்தான் வாத்தியார். சிரிக்காதீர்கள். மரக்காணத்து உப்பளக் கூலியின் மகள், ஏழாம் வகுப்பு, வயது பன்னிரண்டு. இத்தாலி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் பாடப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது, வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மாணவி என் அக்கா. அவளுக்குப் பதினெட்டு. நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஜுரத்தில் கண் சொருகிவிட்டதாம். இவள் பிழைத்தால் மூத்தவளைக் கன்னியர் மடத்துக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று அம்மா மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். நான் பிழைத்தேன். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று, அப்பாவோடு பாத்தியில் உப்பு வாரப் போனாள். வேண்டுதலை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் பங்கு சாமியார் வந்து, இத்தாலியில் ஒரு மடத்தில் பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள், தை மாதம் புறப்பட வேண்டும் என்றார். மாதா மறக்கவில்லை என்று அம்மா அழுதாள். அக்காவை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

சாமியார் கொடுத்த புத்தகம், இத்தாலிக்கு ஊர் சுற்றப் போகும் வெள்ளைக்காரர்களுக்காக எழுதியது. அதை வைத்துக்கொண்டு ஓட்டலில் அறை கேட்கலாம், ரயில் எப்போது என்று விசாரிக்கலாம், தொப்பி வாங்கலாம். ஜெபம் பண்ண ஒரு வரி கிடையாது. மழையில் உப்பளம் மூழ்கிக் கிடந்ததால் வேலை இல்லை, பகல் முழுக்கப் பாடம்தான். விளக்குமாற்றுக் குச்சி ஒன்றைப் பிரம்பாகப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு தலைக்கனம் எனக்கு.

அந்தப் பாஷையில் உயிரில்லாத சாமானுக்கும் ஆண், பெண் உண்டு. உப்பு ஆண், சூரியன் ஆண், கடலும் ஆண். கை மட்டும் பெண். இதைச் சொன்னதும் அக்கா வெடித்துக் கிடந்த தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"சரியாத்தான்டி வெச்சிருக்கான். அந்த மூணு பேரும் சேந்துதானே இதைப் படுத்தறானுங்க."

இன்னொரு நாள் அவர்கள் வீட்டுப் பழக்கங்கள் பற்றிய பக்கம் வந்தது. சாப்பாட்டு மேசையில் உப்பைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது, கீழே வைத்தால்தான் அடுத்தவர் எடுத்துக்கொள்வார் என்று போட்டிருந்தது.

"அங்கயும் உப்பைக் கையில குடுக்கமாட்டாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "அப்போ நம்மள மாதிரி மனுஷங்கதான்டி."

அன்றைக்கு முழுக்க அவள் முகம் தெளிவாக இருந்தது.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, தகரப் பெட்டியில் துணி மடித்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டி, நான் வீட்டுக்குப் போவணும், அனுப்பிடுங்கன்னு சொல்லணும்னா அவங்க பாஷையில எப்படிச் சொல்றது?"

தேடினேன். முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன். ஊர் சுற்ற வந்தவனுக்கு அந்த வரி எதற்கு? இல்லவே இல்லை.

"உனக்கும் தெரியலையா?" என்றாள்.

வாத்தியாரைப் பார்த்துத் தெரியலையா என்று கேட்டால்? எனக்குச் சுருக்கென்றது. கட்டைவிரலுக்குக் கீழே இருந்த வரியைக் கணீரென்று வாசித்தேன். லா மினெஸ்த்ரா எ ஃப்ரெத்தா. சூப் ஆறிவிட்டது என்று அர்த்தம். ஓட்டல்காரனிடம் சொல்ல வேண்டியது.

அக்கா அதை அடுப்பூதும்போதும் தண்ணீர் இறைக்கும்போதும் முணுமுணுத்தாள். மற்ற பாடமெல்லாம் மண்டையில் ஏறாதவள் இதை மட்டும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். பொய் சொன்னது தெரிந்தால் அம்மா தோலை உரித்துவிடுவாள் என்று பயம். போனால் அங்கே கற்றுக்கொள்ளாமலா போவாள் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். பஸ் ஏறும்போது அக்கா என் காதருகே குனிந்து அதை ஒரு தடவை சொல்லிவிட்டு, "சரியாடி?" என்றாள். சரி என்று தலையாட்டினேன். பாவி.

பங்குனியில் சாமியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உப்பளத்துக்கே வந்தார். அங்கே கடுங்குளிராம். நெஞ்சில் சளி கட்டி, அக்கா பிழைக்கவில்லை. அடக்கமும் அங்கேயே முடிந்துவிட்டது. அப்பா உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு அப்படியே பாத்திக்குள் உட்கார்ந்தார்.

மடத்துத் தலைவியிடமிருந்து கடிதம் பிறகு வந்தது, இங்கிலீஷில். சாமியார் படிக்கக் கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை.

"நீ படி. அவளுக்கு நீதானே சொல்லிக் குடுத்தே," என்று என்னிடம் நீட்டினாள்.

படித்தேன். நல்ல பெண், முகம் கோணாமல் வேலை செய்தாள் என்று எழுதியிருந்தார்கள். கடைசி மூன்று நாளும் அவள் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள், சூப் ஆறிவிட்டது என்று. ஒவ்வொரு தடவையும் எடுத்துப்போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தோம். குடிக்காமல் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னாள். எங்களுக்கு வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

"சூடா ஒரு வாய் இல்லாம போயிட்டாளே எம்பொண்ணு!" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு சாகும் வரைக்கும் அவள் சூடாக எதுவும் சாப்பிடவில்லை. கஞ்சியை ஆறவைத்துத்தான் குடிப்பாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பொய்தான் நான் செய்த பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், மன்னிப்பும் கிடைத்தது. ஆனால் அக்கா அந்த வரியைக் கேட்டது இத்தாலியில் இல்லை. பெட்டி இன்னும் மூடவில்லை, பஸ்ஸுக்கு ஒரு வாரம் இருந்தது, அம்மா பக்கத்து அறையில்தான் இருந்தாள். வீட்டில் ஒருத்தியிடமாவது சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் என்னிடம் வந்திருக்கிறாள். நான் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் சொன்னது தமிழில்தான்.