சின்சில்லா வீட்டுக் கடைசிக் கேள்வி

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவளுக்கு 'இன்ஸ்பெக்டரம்மா' என்று பெயர் வைத்தது வேறு யாருமில்லை, கட்டிய கணவன்தான். கடையில் அவள் பரம சாது. வீட்டுக்கு யாராவது சின்சில்லாக் குட்டி கேட்டு வந்தால்தான் அந்த இன்ஸ்பெக்டர் தலைகாட்டுவார்.

அணில் வாலும் முயல் உடம்பும் பஞ்சு மாதிரி ரோமமுமாக இருக்கிற சின்னப் பிராணி அது. வெயில் ஆகவே ஆகாது. அதனால் வீட்டிலிருந்த ஒரே ஏசி அவற்றின் அறைக்குப் போய்விட்டது. "அதுங்க குளுகுளுன்னு இருக்குதுங்க, நான் இங்க வெந்துக்கிட்டிருக்கேன்" என்று கணவன் ஹாலில் புலம்புவான். ஆனால் காய்ந்த புல் தீர்ந்தால் முதலில் கடைக்கு ஓடுவதும் அவன்தான்.

அவளிடம் எல்லாம் கறார். பல் கோளாறு உள்ள வம்சம் என்றால் ஜோடியே சேர்க்கமாட்டாள். பிரசவம் நெருங்கினால் ஆணைத் தனிக்கூண்டுக்கு மாற்றிவிடுவாள். விட்டால் ஈன்ற கையோடு தாய் மறுபடி சினையாகிவிடும், பாவம், உடம்பு தாங்காது. வயதான ஜோடிக்கு 'பெற்றது போதும்' என்று ஓய்வு கொடுத்து, ஆணுக்குக் கருத்தடையும் செய்து, மேல்கூண்டில் ஒன்றாக விட்டிருந்தாள். வருகிறவர்கள் அந்த இரண்டையும் பார்த்து உருகுவார்கள். வயதைச் சொன்னதும் நைசாகக் கீழ்க்கூண்டுக் குட்டிகள் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பேத்தியின் பிறந்தநாளுக்குக் குட்டி கேட்ட சொந்த முதலாளியையே வெறுங்கையோடு அனுப்பியவள் அவள். கூண்டை எங்கே வைப்பீர்கள், வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று குடைந்துவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்பாள்: "இது இருபது வருஷம்கூட இருக்கும். அதுவரைக்கும் வச்சுப் பாத்துப்பீங்களா?" பாதிப் பேர் அங்கேயே கழன்றுகொள்வார்கள்.

ஒரு விடுமுறை நாளில் மாமனார் வந்தார். மாமியார் போனபிறகு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருப்பவர். எத்தனை முறை கூப்பிட்டாலும், "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர். அன்று இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"எனக்கும் வளர்க்கணும்னு ஆசையா இருக்கும்மா. மாமனாராச்சேன்னு பாக்காதே. எல்லாரையும் கேக்குற மாதிரியே கேளு."

கேட்டாள். கூண்டு வடக்கு அறையில். வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. ஏசி போட்டாயிற்று. ரோமம் சுத்தமாக அவை புரண்டு குளிக்கிற மணல்கூட வாங்கி வைத்துவிட்டாராம். மனிதர் தயாராகத்தான் வந்திருந்தார்.

பாக்கி கடைசிக் கேள்வி மட்டும்தான். எண்பதை நெருங்குகிறவரிடம் இருபது வருடத்தைப் பற்றி எந்த வாயால் கேட்பது? கேட்காமல் கொடுத்தால், பழகிய மனிதரைப் பாதி வயதில் இழந்துவிட்டு ஒரு குட்டி தவிக்கும். இல்லை என்று சொன்னாலோ, இவர் முகத்தில் எப்படி விழிப்பது? சமையலறை வாசலில் நின்ற கணவன் 'வேண்டாம், வேண்டாம்' என்று தலையாட்டினான்.

"தண்ணி குடிக்கிறீங்களா மாமா?"

"முதல்ல கேக்கவேண்டியதைக் கேளும்மா. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கே."

அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேவிட்டாள். அவமானமாக இருந்தது.

"இருக்கமாட்டேன்மா" என்றார் அவர், ஏதோ நாளைக்கு ஊரில் இருக்கமாட்டேன் என்பதுபோல. "அதனாலதான் குட்டி கேக்கல. மேல இருக்கே, அந்தப் பெருசுங்க ரெண்டு, அதுங்களைக் குடு."

அந்த இரண்டும் வேண்டும் என்று கேட்டு இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"மாமா, ஒருவேளை நீங்க..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

"அதையும் யோசிச்சுட்டேன். எங்க மூணு பேர்ல யாரு முதல்ல போனாலும், மிச்சம் இருக்கிறவங்களை நீ இங்க கூட்டிட்டு வந்துடு."