வலப்பக்கக் கதவு

ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் நான் போகும் கிளினிக்கில் காத்திருக்கும் அறை ஒன்றுதான். இடப்பக்கக் கதவு பிசியோதெரபிக்கு, வலப்பக்கக் கதவு உளவியலாளருக்கு. அங்கேதான் அவரைக் கண்டேன். பஸ் சாரதி. மடிப்புக் கலையாத சீருடை, நரைத்த மீசை. தன் சந்திப்பு முடிந்தும் போகாமல், காப்புறுதிப் படிவத்தை மடியில் வைத்து, பெயர்ப்பலகை எழுதுகிறவர் போல ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக எழுதிக்கொண்டிருந்தார்.

தமிழர் என்று தெரிந்ததும் நான் முந்திக்கொண்டேன். “முதுகு நோவு. பிசியோவுக்கு வந்தனான்.”

“நான் மனசுக்கு வந்தனான்,” என்றார், தலை நிமிராமல்.

என் வேலையிடக் காப்புறுதியும் கிளினிக்கில் கட்டும் காசைத் திருப்பித் தரும். ஆனால் படிவம் மேலாளரின் கைக்குப் போகும். அதனால் ஐந்து தடவையும் கைக்காசைத்தான் கட்டியிருந்தேன்.

“வேலையிடத்திலை பாப்பினமெல்லோ அண்ணை? விசர் எண்டு கதைப்பினம்.”

“பாக்கட்டும் தம்பி. பஸ் பழுதெண்டால் ‘சேவையில் இல்லை’ எண்டு நெத்தியிலை போட்டுக்கொண்டுதானே ஒஸ்லோவுக்குள்ளாலை ஓட்டிக்கொண்டு போறன். திருத்தினால் அடுத்த நாள் நம்பரோடை வரும். அதிலை என்ன வெக்கம்?”

வலப்பக்கக் கதவு திறந்தது. என் பெயரைத்தான் கூப்பிட்டார்கள்.

சாரதி என் முதுகைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எழுதி முடித்த பேனையை மட்டும் நீட்டினார். என் படிவத்தை அந்தப் பேனையாலேயே எழுதினேன், பெரிய எழுத்தில். அடுத்த நாள் உறைக்குள் போடாமல் மேலாளரின் மேசையில் நானே கொண்டுபோய் வைத்தேன்.