தீப்பெட்டி வாங்காத வெல்டர்

பற்றவைத்த இடம் செக்கச்செவேலென்று இருக்கும்போதே முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிவான். உதட்டிலிருக்கும் சிகரெட் நுனியை அந்தச் சிவப்பில் தொட்டு ஓர் இழுப்பு. நிமிரும்போது புகை வரும். நாற்பது வருஷத்தில் இவன் தீப்பெட்டி வாங்கி நான் பார்த்ததில்லை. "இரும்பே நெருப்பு குடுக்குது, குச்சி எதுக்குடா?" என்பான். பட்டறையில் எல்லோருக்கும் அவன் பொறி. வீட்டுக்காரிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள். கோபம் வந்தால் வேறு பெயர்களும் உண்டு, பத்திரிகையில் எழுத முடியாது.

ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் நான். இன்று மூன்று கொட்டகை, இருபத்திரண்டு ஆட்கள். யார் கைகாலையும் பிடித்துச் சம்பாதித்ததில்லை. ஆனால் முதல் கொட்டகையின் முதல் தூணைப் பற்றவைத்தவன் பொறி. அதையும் நான்தான் சொல்ல வேண்டும், அவன் சொல்லமாட்டான்.

அப்போது எங்கள் இருவருக்கும் ஒரே டம்ளர். காலிப் பால்மாவு டப்பாவில் தண்ணீர் ஊற்றி, காப்பித்தூளை அள்ளிப்போட்டு, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுவான். வடிகட்டுகிற பேச்சே கிடையாது. தூள் இறங்குவதற்காக டப்பாவின் விளிம்பில் சுத்தியலால் இரண்டு தட்டு. வெல்டிங் கசடு தட்டும் அதே சுத்தியல். தெளிந்தது எனக்கு, மண்டி அவனுக்கு. சிகரெட்டும் பாதிப் பாதி. மூத்த மகள் பிறந்த அன்று நான் ஒரே நாளில் விட்டேன். அது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. அவன் என் பங்கையும் சேர்த்து ஊதினான்.

தகரக் கூரையில் மழை கொட்டும்போது அந்த டப்பா கொதிக்கும் வாசனை இருக்கிறதே! இன்று என் வீட்டில் காப்பி போட ஓர் இயந்திரம் நிற்கிறது. பொத்தானை அழுத்தினால் காப்பி வருகிறது. அந்த வாசனை மட்டும் வரமாட்டேன் என்கிறது.

போன மழைக்காலத்தில் ஒருநாள், கொதிக்கிற டப்பாவைத் துணியில்லாமல் பிடித்துத் தூக்கினான்.

"டேய், கை!" என்று கத்தினேன்.

"கைக்கு என்ன?" என்று நிதானமாகத் திரும்பினான். விரல்நுனிகளில் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை.

அப்புறம்தான் ஒப்புக்கொண்டான். நாலு மாதமாகவே விரல்கள் மரத்துக் கிடக்கின்றன, பற்றவைக்கிற கோடு நெளிகிறது. அழுத்தம் தாங்குகிற டேங்குகள் செய்யும் ஆர்டரை அவனை நம்பித்தான் நான் எடுக்கிறேன். "என் கோடு நெளிஞ்சு டேங்கு வெடிச்சா, எவனோ ஒருத்தன் போய்ச் சேருவான். கை திரும்பலைனா வெல்டிங் ஹோல்டரை ஆணியில மாட்டிட்டு ஒதுங்கிடுறேன்" என்றான். அவன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

ரத்தப் பரிசோதனைக்கு நானே கூட்டிப்போனேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஊசியை எடுத்த பெண் மூக்கைச் சுருக்கினாள்.

"ஏதாவது சாப்பிட்டீங்களா ஐயா?"

"பல்லுல பச்சைத் தண்ணிகூடப் படலம்மா."

"காப்பி வாசனை அடிக்குதே?"

"அது சாப்பாடா? பால் இல்ல, சக்கரை இல்ல, சும்மா ரெண்டு டம்ளர்."

"காதுல சொருகியிருக்கிற சிகரெட்டு?"

"அது நீங்க ரத்தம் எடுத்ததுக்கு அப்புறம்."

நாளைக்கு வாருங்கள் என்று துரத்திவிட்டாள்.

முடிவு வந்தது. கொழுப்பு கூரையில், வைட்டமின் தரையில். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான், ஆனால் புரிகிற மாதிரி சொன்னார். "வடிகட்டாத காப்பி கெட்ட கொழுப்பை ஏத்தும். புகை நல்ல கொழுப்பைக் குறைக்கும். ரெண்டும் அதிகமா இருக்கிறவங்க ரத்தத்துல பி வைட்டமின் சிலது குறைஞ்சிருக்கிறதையும் பாக்கிறோம். விரல் மரத்ததுக்கு இது மட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொல்லமாட்டேன். ஊசி, மாத்திரை தர்றேன். சிகரெட்டை விடுங்க. காப்பியை வடிகட்டுங்க, ரெண்டு டம்ளரோட நிறுத்துங்க. மூணு மாசம் பாப்போம்."

"கை வந்துருமா?"

"வரலாம்."

"வரலாமா? டேங்கு ஒட்டிருக்கலாம்னு நான் சொன்னா வாங்குவீங்களா டாக்டரம்மா?"

அவர் சிரித்துவிட்டார். பொறி சிரிக்கவில்லை.

மறுநாளே அவன் வீட்டுக்காரி பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து வடிகட்டத் தந்தாள். "முப்பத்தஞ்சு வருஷமா நான் சொல்லிக் கேக்காத மனுஷன், ரத்தம் சொன்னதும் கேக்குறாரு பாருங்கண்ணே" என்று என்னிடம் நொடித்தாள். அவனோ டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். "மண்டி இல்லாத காப்பி, மாமியார் இல்லாத வீடு மாதிரி. நிம்மதிதான், ஆனா சப்புன்னு இருக்குடா." சிகரெட் நினைப்பு வந்தால் வெல்டிங் ராடு ஒன்றைக் காதில் சொருகிக்கொள்வான். டேங்குப் பக்கம் மட்டும் போகவில்லை. நான் கூப்பிட்டும் போகவில்லை. மூன்று மாதமும் இரும்பு கேட், ஜன்னல் கம்பி வேலைதான்.

நேற்றோடு கெடு முடிந்தது. ஒரு கேட்டின் கீலைப் பற்றவைத்துவிட்டு முகமூடியை ஏற்றினான். பழக்க தோஷம், குனிந்தான். உதட்டில் ஒன்றுமில்லை. சிவப்புக்கு மேலே முகம் அப்படியே நின்றது. பிறகு கையுறையைக் கழற்றி, இரண்டு விரல்களை மெல்ல அதன் அருகே கொண்டுபோனான். இன்னும் அருகே.

"டேய்!" என்று நான் எழுவதற்குள் வெடுக்கென்று இழுத்து உதறினான்.

"சுடுதுடா!"

விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டான். அப்புறம், தன்னையே நம்பாதவன் போல, மறுபடியும் நீட்டினான்.