என் பெயரில் துடித்த நெஞ்சு

போன வருடம் நடந்தது இது. ஈப்போவில், குனோங் ராபாட்டில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில். வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

நான் சீருடை தைக்கும் கிலாங்கில் வேலை செய்கிறேன். தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பதினாறு வருடமாக அதே மெஷின், அதே நாற்காலி. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் ஓவர்டைம் முடிந்து எழுந்திருக்க ஆறரை ஆகிவிடும். வீட்டுக்கு வந்தால் சமையல், துணி, பிள்ளைகளின் பாடம். ஞாயிற்றுக்கிழமை என்பது விட்டுப்போன வேலையைச் செய்யும் நாள். எங்களுக்குள் நலம் விசாரித்தால் வருகிற பதில் ஒன்றுதான், 'பெனாட்'. களைப்பு என்று அர்த்தம்.

இப்படி இருக்கையில் நிர்வாகத்துக்கு எங்கள் ஆரோக்கியத்தின் மேல் திடீரென்று அக்கறை வந்துவிட்டது. ஆளுக்கொரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். எத்தனை அடி நடக்கிறோம், நெஞ்சு எப்படித் துடிக்கிறது என்பதெல்லாம் அதில் பதிவாகி, எங்கள் கைப்பேசி வழியாகக் கிலாங் கிளினிக்கில் இருக்கும் மிஸ்ஸியின் கணினிக்குப் போய்விடும். அடிக் கணக்கு மட்டும் நாள் மொத்தமாகத்தான் போகும். மிஸ்ஸி என்றால் நர்ஸ். ஒரு மாதம் தவறாமல் தினமும் பத்தாயிரம் அடி நடப்பவர்களுக்கு மூன்று நாள் கூடுதல் லீவு என்றார்கள்.

மூன்று நாள்! எனக்கு எங்கேயும் போக ஆசையில்லை. கதவைச் சாத்திவிட்டுத் தூங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கிறவள் பத்தாயிரம் அடிக்கு எங்கே போவாள்? கட்டிப் பார்த்த முதல் நாள் இரண்டாயிரத்துச் சொச்சம்தான் காட்டியது. எங்களில் ஒருத்தி அதை மெஷின் பெடலில் கட்டிப் பார்த்தாள். அது ஏமாறவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்காவின் ஞாபகம் வந்தது. தாப்பா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கம்பெனி தோட்டத்தை விற்ற பிறகு ஈப்போவுக்கு வந்து, மூன்று மாடி இடைநிலைப் பள்ளியில் துப்புரவு வேலை பார்க்கிறார். காலையிலிருந்து நாலு மணி வரை படி ஏறுவதும் இறங்குவதும்தான். சனி, ஞாயிறில் அதே வேலையை ஒரு கடைத்தொகுதியில் செய்வார். எட்டு வருடமாக எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான்.

"அக்கா, இத நீங்க கட்டிக்கிட்டுப் போங்கலா. வேலை முடிஞ்சி வந்து கொடுத்தா போதும்" என்றேன்.

அக்கா சிரித்துவிட்டார். "தோட்டத்துல காலையில பெரட்டுக்கு வரிசையா நிக்க வச்சு பேர் கூப்பிடுறப்ப, வராதவளுக்கு இன்னொருத்தி குரல் கொடுப்பா. அந்த மாதிரியா? கொடு. எப்படியும் நடக்கத்தானே போறேன்."

தினமும் காலையில் சுவருக்கு மேலே கடிகாரம் அந்தப் பக்கம் போகும், சாயங்காலம் இந்தப் பக்கம் வரும். கடிகாரம் இல்லாத கை மற்றவர்கள் கண்ணில் படாமலிருக்க நான் நீளக் கை சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் அக்கா, "பெனாட்டா இருக்குலா இன்னைக்கு" என்பார். "எனக்குந்தான்க்கா" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இருபத்திரண்டாவது நாள், தேநீர் இடைவேளையில் மிஸ்ஸி என்னைக் கூப்பிட்டார்.

"நாலு நாளா மத்தியானம் நீங்க சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துலயே ஹார்ட் பீட் நூத்தி முப்பது, நூத்தி நாப்பதுன்னு போகுது. தாறுமாறா துடிக்குதுன்னு வார்னிங் வேற வருது. ஒங்களுக்கு ஒன்னும் தெரியலயா?"

எனக்கு வியர்த்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவை நினைத்து அல்ல. மாட்டிக்கொண்டோமே என்று. காப்பி அதிகம் குடித்துவிட்டேன் என்று ஏதோ உளறினேன். வெள்ளிக்கிழமைக்குள் டாக்டரிடம் காட்டிக் கடிதம் கொண்டுவர வேண்டும் என்று மிஸ்ஸி கண்டிப்பாகச் சொன்னார்.

அன்று மாலையே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்னும் எட்டு நாள்தானே, அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனதைச் சமாதானப்படுத்தினேன். மறுநாள் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அனுமதி கேட்டு வெளியே ஒரு கிளினிக்குக்குப் போய், என் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டு படுத்து, என் இதயம் நன்றாக இருக்கிறது என்று கடிதம் வாங்கி வந்தேன். வியாழக்கிழமை காலை அதை மிஸ்ஸியிடம் கொடுத்தேன். "அப்பாடா! வாட்ச்சுதான் ரோசாக் போல, கெட்டுப்போனத மாத்திக் கொடுக்கச் சொல்றேன்" என்றார். பாவம், என்னை நம்பிவிட்டார்.

அன்று மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பினேன். அக்கா என் கேட் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

"என்னக்கா, இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

"அஞ்சு மணிக்கே வந்துட்டேன். எந்திரிச்சு உள்ள போக முடியலலா. செத்த நேரம் உட்கார்ந்துட்டுப் போலாம்னு..."

பேசும்போதே மூச்சு வாங்கியது. கடிகாரத்தைக் கழற்றப் பார்த்தார், முடியவில்லை. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நூல் சிக்கிய தையல் மெஷின் நின்று நின்று ஓடுமே, அப்படி இருந்தது துடிப்பு. அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். மிஸ்ஸி கூப்பிட்டது, நான் கடிதம் வாங்கியது, எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா திட்டவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் பிள்ளைகளை டியூஷனிலிருந்து கூட்டி வந்த என் வீட்டுக்காரர் காரை எடுத்தார்.

அவசரப் பிரிவில் இருந்தவர் ஒரு தமிழ் டாக்டர். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். கைப்பேசியைத் திறந்து காட்டினேன். பார்த்துக்கொண்டே வந்தவர் புருவத்தைச் சுருக்கினார்.

"இதுல பேரு வேற, வயசு வேற இருக்கே?"

"பேரு என்னோடது டாக்டர். நெஞ்சு இவங்களோடது."

அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. இப்படித் துடித்தால் இரத்தம் கட்டிப்போய் மூளைக்கு ஏறிவிடலாம், இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் எது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்று அக்காவிடம் நிதானமாகச் சொன்னார். அக்காவைப் படுக்கையில் தள்ளிக்கொண்டு போனபோது, அந்தக் கடிகாரம் என் கையில் பேசாமல் கிடந்தது.

மறுநாள் மிஸ்ஸியிடம் உண்மையைச் சொன்னேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்று நாள் லீவு போனது. அதற்கு நான் வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய். அவ்வளவு களைத்திருந்தேன்.

அக்கா ஐந்து நாள் வார்டில் இருந்தார். மருந்து ஒத்துக்கொண்டது. பார்க்கப் போனபோது மெதுவாகக் கேட்டார்.

"ஆமா, நான் எத்தன அடி நடந்தேன்?"

"ஒரு நாளைக்குப் பதினாறாயிரம்க்கா. சில நாளு பதினெட்டு."

"ஆத்தாடி! இத்தன வருசமா நடக்குறேன், இப்பத்தான் ஒருத்தர் எண்ணியிருக்காங்க" என்று சிரித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "வெறும் பெனாட்டுன்னுதான்லா நெனச்சேன்" என்றார். பழக்கதோஷத்தில் 'எனக்குந்தான்க்கா' என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

அக்கா இப்போது சனி, ஞாயிறு வேலையை விட்டுவிட்டு, பள்ளியில் கீழ்த்தளத்தில் மட்டும்தான் வேலை பார்க்கிறார். சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அதே குரல் வரும், "பெனாட்டா இருக்குலா" என்று. நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறேன். என் களைப்பு இன்றுவரை கொஞ்சமும் குறையவில்லை; ஆனால் அதைச் சாக்காகச் சொல்லி இன்னொருவர் களைப்பைக் காதில் வாங்காமல் இருக்க எனக்கு இனி உரிமையில்லை.