மூன்றாம் வருஷத்துப் புல்

சாலம்மாளின் நிலத்தில் பலகை நட்டவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெள்ளிமலையைத் தாண்டி சாலை வளைகிற இடத்தில் ஒரு நாள் காலை அது நின்றது. பச்சைப் பெயிண்ட், வெள்ளை எழுத்து: ‘இயற்கைப் புல்வெளி – காட்சி முனை’. கீழே சின்ன எழுத்தில், ‘பழங்காலக் கல் அடுக்குகளையும் காணத் தவறாதீர்கள்’ என்று உபசாரம் வேறு.

பழங்காலம் என்றால் எவ்வளவு பழங்காலம்? அந்தக் கல்லையெல்லாம் சுமந்து அடுக்கியவள் சாலம்மாள். கல்யாணமாகி வந்த வருஷம் ஆரம்பித்தாள். மழைத்தண்ணீர் சரிவு மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்க, அவளும் புருஷன் காத்தானும் வரப்பு வரப்பாகக் கல் வைத்தார்கள். மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோதும் வைத்தாள். இப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது, தினமும் இடுப்பு வலி. அதற்குள் அவளைப் பழங்காலத்தில் சேர்த்துவிட்டார்கள்.

புல் விஷயமும் அப்படித்தான். மலைச்சரிவு மண் மெலிந்த மண். இரண்டு வருஷம் சாமை விதைத்தால் மூன்றாம் வருஷம் ஆறப்போட வேண்டும். அந்த வருஷம் ஏர் போகாது. புல் இடுப்புயரம் வளரும், மாடு மேய்ந்து சாணி போடும், மண் தேறிக்கொள்ளும். காட்சி முனைக்கு இடம் தேடிப் படம் பிடிக்க வந்த சுற்றுலாத் துறைக்காரர்கள் சரியாக அந்த மூன்றாம் வருஷத்தில், ஆவணி மழைக்குப் பிறகு வந்து சேர்ந்தார்கள். காற்றில் அலையடிக்கிற புல்லைப் பார்த்ததும் சொக்கிப்போனார்கள். முந்தின வருஷம் அறுப்பு முடிந்தபின் வந்திருந்தால் அறுத்த சாமைத் தாளைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போயிருப்பார்கள், நிலமும் தப்பித்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கார்கள் வந்தன. வந்தவர்கள் புல்லில் புரண்டு படம் எடுத்துக்கொண்டார்கள், பிரியாணிப் பொட்டலத்தை வரப்பில் விட்டுவிட்டுப் போனார்கள். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அவள் பயமெல்லாம் வேறு விஷயத்தில். அந்த இரண்டு ஏக்கருக்கு அவளிடமும் காத்தானிடமும் பட்டா கிடையாது. வன உரிமைச் சட்டப்படி மனு கொடுத்து நாலு வருஷம் ஆனபின், ஐப்பசியில் பார்வையிட ஆள் வருவதாக இப்போதுதான் சேதி வந்திருந்தது. பயிர் செய்கிற நிலம் என்று எழுதினால் பட்டா. புல்வெளி என்று எழுதினால் நிலம் கையைவிட்டுப் போய்விடும். அதற்குச் சாட்சி சொல்லப் பலகை வேறு நெடுநெடுவென்று நிற்கிறது.

சாலம்மாள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கச்சிராயபாளையம் வழியாக பஸ் பிடித்து, மூன்று திங்கட்கிழமை கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்குப் போய், பலகையை எடுக்கச் சொல்லி மனு கொடுத்தாள். மூன்று தடவையும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். பலகை நின்ற இடத்திலேயே நின்றது.

ஆள் வருவதற்குள் ஏரைப் பூட்டி உழுதுவிடலாம் என்றான் காத்தான். ஊரில் பலரும் அதையே சொன்னார்கள். ஒரு நாள் வேலை. உழுத மண்ணைப் பார்த்து எவன் புல்வெளி என்று சொல்லப்போகிறான்? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஐப்பசி மழையில் சரிவை உழுதுபோட்டால் மண் அத்தனையும் ஓடைக்கு இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

“ஆறப்போட்ட நெலத்த நான் உழமாட்டேன். அவுங்களுக்குத் தெரியலன்னு நாம தப்பா பயிர் பண்ணுவோமா?”

காத்தானுக்குக் கோபம் வந்தது. பட்டா இல்லை என்று ஆகிவிட்டால் எதை ஆறப்போடுவாய் என்று கேட்டான். அவளுக்கும் பயம் நிறைய இருந்தது. ஆனாலும் ஏரைத் தொட விடவில்லை.

பார்வையிட வந்தவர் விஜயராகவன், வருவாய் ஆய்வாளர். மோசமான மனிதர் இல்லை. மூச்சு வாங்க ஏறி வந்து பலகையைப் படித்தார், புல்லைப் பார்த்தார். படிவத்தில் ‘தற்போதைய பயிர்’ என்ற கட்டத்தில் ‘இல்லை. புல்’ என்று எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினார்.

சாலம்மாள் போடவில்லை. அவரைப் புல்லுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். விலக்கி விலக்கிப் பதினோரு வரப்பையும் காட்டினாள். சாமை அடிக்கிற பாறையைக் காட்டினாள். போன அறுப்பில் சிந்திய மணி தானாக முளைத்துக் கதிர் விட்டிருந்தது. நாலைந்து கதிரைக் கிள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். எல்லாம் சரிதாம்மா, இப்போது பயிர் இல்லையே, கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார் அவர்.

“மூணாவது வருஷம், நெலம் ஆறிக்கினு இருக்குதுன்னு எழுதுங்க சார். அதுவும் வெள்ளாமைதான். நாங்க இன்னா செய்யிறோம்னு எங்களக் கேட்டு எழுதுங்க. பலகையப் பார்த்து எழுதாதீங்க.”

அப்படி எழுத வழியில்லை என்றார். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, இன்னும் நாலு நிலம் பாக்கி என்றார். அவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரப்புக் கல்லில் உட்கார்ந்தாள். கையெழுத்து இல்லாமல் அவர் போக முடியாது. தூறல் விழுந்தது. அத்தனை நேரம் தள்ளி நின்ற காத்தான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கடைசியில் விஜயராகவன் எழுதியதை அடித்தார். கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், ‘சாமை நிலம். சுழற்சி முறையில் இவ்வருடம் ஓய்வு. வரும் ஆடியில் விதைப்பு. கல் வரப்புகள் மனுதாரர் கட்டியவை’ என்று நெருக்கி எழுதி வாய்விட்டுப் படித்துக் காட்டினார். சாலம்மாள் எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள். பட்டா வருமா என்று அவரால் சொல்ல முடியவில்லை. பலகை தன் துறை இல்லை என்பதையும் சொன்னார்.

“நிக்கட்டும் சார். ஆடியில அதச் சுத்தி உழுவேன். வர்றவுங்க சாமையப் பார்த்துட்டுப் போவட்டும்.”

மழை வலுத்தது. புல்லில் குறுக்கே போனால் சாலை நூறு அடிதான். விஜயராகவன் காகிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, விதைத்த நிலத்தில் நடக்கிறவர்போல வரப்பு மேலேயே சுற்றிச் சுற்றி, நனைந்துகொண்டு போனார். சாலம்மாளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது.